வார்டுக்கு மாத்தியாச்சு... அப்புறம் ஏன் பயம்?

காலேஜ் படிக்கிற பிள்ளை என்றால், வீட்டில் சில வேலைகள் தானாக நம் தலையில் வந்து விழும். ஆன்லைனில் கரன்ட் பில் கட்டுவது, கேஸ் புக் பண்ணுவது, ஊரிலிருந்து வரும் அத்தையை பஸ் ஸ்டாண்டில் போய் அழைத்து வருவது... அப்புறம், ஆஸ்பத்திரி ட்யூட்டி! அப்பாவுக்கு லீவு கிடைக்காது, அம்மாவால் ராத்திரி கண் விழிக்க முடியாது, அண்ணன் பெங்களூரில். ''நீதானே சும்மா இருக்கே, ஒரு வாரம் கிளாஸ் போகலைன்னா என்ன?'' என்பார்கள். அவ்வளவுதான். தோளில் பேக், கையில் ஃப்ளாஸ்க். தாத்தாவுக்கு நாம்தான் அட்டெண்டர்!

இந்த ட்யூட்டியில் ஒரு விசித்திரமான நாள் வரும். ஐ.சி.யூ. வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நாலைந்து நாளாகக் காத்துக் கிடந்த குடும்பத்திடம் டாக்டர் வந்து, ''தேறிட்டார். வார்டுக்கு மாத்திடலாம்'' என்பார். அம்மா குலதெய்வத்தைக் கும்பிடுவார். சித்தப்பா ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் கை கூப்பும் பொம்மையாகப் போட்டுத் தள்ளுவார். எல்லார் முகத்திலும் நிம்மதி... ஒரே ஒருத்தரைத் தவிர. தாத்தா மட்டும் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ''நான் இங்கேயே இருந்துக்கறேனே'' என்பார்.

'வயசானவர், ஏதோ சொல்றார்' என்று தள்ளிவிடாதீர்கள். இருபத்தைந்து வயசுப் பைக் ஆக்ஸிடென்ட் கேஸும் இதையேதான் சொல்லும். மருத்துவ உலகம் இந்தப் பயத்துக்குப் பெயரே வைத்திருக்கிறது. வட அமெரிக்காவின் 'நாண்டா' என்ற நர்ஸிங் அமைப்பு, 'ரீலொகேஷன் ஸ்ட்ரெஸ் சிண்ட்ரோம்' என்ற பெயரில் இதை 1992-லேயே தன் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாறுவதால் மனசும் உடம்பும் படும் பாடு என்று அர்த்தம்.

சரி, நல்லது நடக்கும்போது எதற்குப் பயம்?

பீப் சத்தம் எங்கே?

ஐ.சி.யூ-வில் இருப்பவரின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். நெஞ்சில் ஒயர், விரலில் கிளிப், தலைமாட்டில் மானிட்டர். ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு 'பீப்'. ஒரு நோயாளிக்கோ, இரண்டு நோயாளிகளுக்கோ ஒரு நர்ஸ். இருமினால்கூட ஓடி வருவார். முதல் நாள் அந்தச் சத்தம் எரிச்சலாக இருக்கும். மூன்றாம் நாள், 'இது கேட்கிற வரைக்கும் நமக்கு ஒண்ணும் ஆகாது' என்று மனசு பழகிவிடும்.

திடீரென்று ஒரு நாள் ஒயரை எல்லாம் கழற்றுகிறார்கள். ஸ்ட்ரெச்சரில் ஏற்றி, லிஃப்டில் கொண்டுபோய், வேறொரு கட்டிலில் போடுகிறார்கள். அங்கே ஒரே சிஸ்டர் ஒரு வரிசை முழுவதையும் பார்க்கிறார். மானிட்டர் இல்லை. பீப் இல்லை. 'ராத்திரி தூக்கத்துல எனக்கு ஏதாவது ஆனா யாருக்குத் தெரியும்?' என்று அவர் யோசிக்கிறார். நியாயமான கேள்விதானே?

அதற்கு நியாயமான பதிலும் இருக்கிறது. 'அந்த ஒயர் இனிமே தேவைப்படாத அளவுக்கு உங்க உடம்பு தேறிடுச்சு. அதனாலதான் கழட்டினாங்க.' இந்தப் பதிலை யாருமே அவரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். டாக்டர் நம்மிடம் சொல்வார். நாம் அம்மாவிடம் சொல்வோம். அம்மா ஊர் முழுக்கச் சொல்வார். படுத்திருப்பவருக்கு மட்டும் சேதி போகாது.

சேதி போகாத இடத்தில் சந்தேகம் வந்து உட்கார்ந்துகொள்ளும். நம் ஊரில் இதற்கு ஸ்பெஷலாக இரண்டு சந்தேகங்கள் உண்டு. தனியார் ஆஸ்பத்திரி என்றால், 'காசு தீர்ந்துபோச்சு, அதான் மாத்திட்டாங்க.' அரசு ஆஸ்பத்திரி என்றால், 'வேற யாருக்கோ பெட் வேணும், அதான் நம்மளைத் தள்ளிட்டாங்க.' மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். 'இனிமே வைத்தியம் இல்லேன்னு கைவிட்டுட்டாங்களோ?'

7 பேர்... இன்னொரு 7 பேர்!

இந்தப் பயம் மனசோடு நின்றுவிடுமா? 1968-ல் அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழக டாக்டர்கள் ஒரு சின்ன ஆய்வை வெளியிட்டார்கள். ஹார்ட் அட்டாக் வந்து இதய சிகிச்சைப் பிரிவில் இருந்த 7 பேர், வழக்கம்போல வார்டுக்கு மாற்றப்பட்டார்கள். அவர்களில் 5 பேருக்கு அந்த மாற்றத்தை ஒட்டி இதயக் கோளாறு மறுபடி தலைகாட்டியது. பதற்றத்தில் சுரக்கும் ஹார்மோன்களின் அளவும் கூடியிருந்தது.

அடுத்த 7 பேருக்கு டாக்டர்கள் முறையை மாற்றினார்கள். 'உங்களை வார்டுக்கு மாற்றப்போகிறோம்' என்று முன்கூட்டியே சொல்லித் தயார்படுத்தினார்கள். உள்ளே பார்த்துக்கொண்ட அதே நர்ஸும் அதே டாக்டரும் வார்டிலும் வந்து பார்த்தார்கள். இந்த முறை அந்தக் கோளாறுகள் வரவில்லை. புது மருந்து கிடையாது, புது மெஷின் கிடையாது. முன்கூட்டியே ஒரு வார்த்தை, தெரிந்த ஒரு முகம். அவ்வளவுதான் வித்தியாசம்!

மொத்தமே 14 பேரை வைத்துச் செய்த ஆய்வு என்பதால், இதை மட்டுமே வைத்து அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆனால், 'வார்த்தையும் முகமும்' என்ற அந்தப் பாதையில்தான் உலகம் பிறகு நடந்தது. ஐ.சி.யூ-வில் இருந்து போனவர்களை வார்டில் தேடிப் போய்ப் பார்ப்பதற்கென்றே ஆஸ்திரேலியாவின் பல ஆஸ்பத்திரிகளில் 'லையஸன் நர்ஸ்' இருக்கிறார். இங்கிலாந்தில் 'அவுட்ரீச் டீம்' இருக்கிறது.

நம் ஊரில் பெரும்பாலான இடங்களில் அந்த போஸ்ட்டே கிடையாது. ஆனால், அந்தத் தெரிந்த முகம் ஏற்கெனவே கட்டில் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மொபைல் நோண்டிக்கொண்டிருக்கிறது. ஆமாம் பாஸ், நீங்கதான்!

ஐ.சி.யூ-வை ஆரம்பிச்சதே ஸ்டூடன்ட்ஸ் கைதான்!

'நான் என்ன டாக்டரா? பி.காம். செகண்ட் இயர்!' என்று நழுவாதீர்கள். ஐ.சி.யூ. என்ற விஷயமே மாணவர்களின் கையில்தான் பிறந்தது.

1952. டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் போலியோ கோரத்தாண்டவம் ஆடிய வருஷம். மூச்சுத் தசைகள் செயலிழந்து வந்தவர்களில் 10-க்கு 8 பேருக்கு மேல் இறந்துகொண்டிருந்தார்கள். பியோர்ன் இப்சன் என்ற மயக்கவியல் டாக்டர் ஒரு வழி சொன்னார். தொண்டையில் துளையிட்டுக் குழாயைச் செருகி, ரப்பர் பையைக் கையால் அமுக்கி அமுக்கிக் காற்றைச் செலுத்துவது. ஆனால், 24 மணி நேரமும் யார் அமுக்குவது? காலேஜ் மாணவர்களைக் கூப்பிட்டார்கள். சுமார் 1,500 மாணவர்கள் ஷிஃப்ட் போட்டு, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, மாதக்கணக்கில் கையாலேயே மூச்சுக் கொடுத்தார்கள். இறப்பு பாதிக்கும் கீழே இறங்கியது. அந்த அனுபவத்தில்தான் அடுத்த வருஷமே, 1953-ல், கோபன்ஹேகனில் தனி ஐ.சி.யூ. தொடங்கினார் இப்சன்.

மெஷின்கள் பிறகு வந்தவை. முதலில் இருந்தது, பக்கத்தில் விழித்திருக்கும் ஓர் ஆள். வார்டுக்குப் போகிறவர் தேடுவதும் அந்த ஆளைத்தான்.

ஷிஃப்டிங்குக்கு முன்னாடி

அப்போ என்ன செய்யலாம்?

*முதல் நாளே சொல்லுங்கள்:* விசிட்டிங் நேரத்தில் உள்ளே போகும் அந்தப் பத்து நிமிஷத்தில், ''தாத்தா, நாளைக்குக் காலைல வார்டுக்கு மாத்துறாங்களாம். உங்களுக்கு மூச்சு, பிரஷர் எல்லாம் சரியாயிடுச்சு. அங்க நான் உங்க கூடவே இருப்பேன்'' என்று சொல்லுங்கள். மறுநாள் மறுபடியும் சொல்லுங்கள். மருந்து மயக்கத்தில் ஒரு முறை சொன்னது மனசில் நிற்காது.

*டாக்டரையே சொல்ல வையுங்கள்:* ''சார், ஏன் மாத்துறீங்கன்னு அவர்கிட்டயே ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்'' என்று கேளுங்கள். வேறொருவருக்கு பெட் தேவைப்படுவதும் ஒரு காரணம் என்றால் அதை மறைக்க வேண்டாம். 'அவரைவிட நீங்க நல்லா இருக்கீங்க' என்பதும் அதில் இருக்கிறதே! பில் பற்றிய பேச்சை மட்டும் கட்டில் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

*ஒயரைக் கொஞ்சம் கொஞ்சமாக:* மாற்றுவதற்குச் சில மணி நேரம் முன்பே மானிட்டரைக் கழற்றி, அது இல்லாமல் ஐ.சி.யூ-விலேயே இருந்து பழக வைப்பது உண்டு. முடியுமா என்று சிஸ்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

*வார்டைப் பார்த்துவிட்டு வாருங்கள்:* கட்டில் ஜன்னல் பக்கமா, பாத்ரூம் எவ்வளவு தூரம், சிஸ்டரைக் கூப்பிட பெல் இருக்கிறதா, எந்த டாக்டர் எத்தனை மணிக்கு ரவுண்ட்ஸ் வருவார் என்று தெரிந்துகொண்டு வந்து சொல்லுங்கள். தெரியாத இடம் பாதி தெரிந்த இடமாகிவிடும்.

*எழுதி வாங்குங்கள்:* எந்த மருந்து நின்றது, எது தொடர்கிறது, என்ன சாப்பிடலாம், எந்த டியூபை எப்போது எடுப்பார்கள்? ஐ.சி.யூ. டீம் வார்டு டீமுக்குக் கொடுக்கும் குறிப்பில் இதெல்லாம் இருக்கும். உங்கள் நோட்டிலும் இருக்கட்டும்.

நைட் ஷிஃப்டிங் வேண்டாமே!

இங்கிலாந்தில் இரவில் ஐ.சி.யூ-வை விட்டு அனுப்பப்பட்டவர்களை ஆராய்ந்த ஒரு கட்டுரை 2000-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. பகலில் மாற்றப்பட்டவர்களைவிட இவர்களில் இறப்பு அதிகம். பலரை முழுசாகத் தேறும் முன்பே அவசரமாக அனுப்பியிருந்தார்கள் என்பது முக்கியக் காரணம். அந்த நாட்டின் 'நைஸ்' அமைப்பு 2007-ல் வெளியிட்ட வழிகாட்டி, இரவு 10 மணியிலிருந்து காலை 7 மணி வரை முடிந்தவரை யாரையும் மாற்றாதீர்கள் என்கிறது.

ராத்திரி 11 மணிக்கு 'ஷிஃப்ட் பண்றோம்' என்று சொன்னால், ''காலைல மாத்த முடியுமா டாக்டர்?'' என்று பணிவாகக் கேட்கலாம். தப்பே இல்லை. உள்ளே உயிருக்குப் போராடும் ஒருவருக்கு அந்த பெட் தேவை என்றால் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். அப்போது, ''இன்னிக்கு நைட் இவரை ட்யூட்டி டாக்டர் எப்போ வந்து பார்ப்பார்?'' என்று மட்டுமாவது கேட்டுவிடுங்கள்.

வார்டில் முதல் நைட்

கஷ்டமான இரவு இதுதான். தூக்கம் வராது. ''டியூப் லைட்டை அணைக்காதே'' என்பார். பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை ''இருக்கியா?'' என்று கேட்பார். ''இருக்கேன் தாத்தா'' என்று ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். அந்த பீப் சத்தத்துக்குப் பதிலாக இப்போது உங்கள் குரல்!

டீ குடிக்கப் போனால் சொல்லிவிட்டுப் போங்கள். எத்தனை மணிக்கு வருவீர்களோ அந்த மணிக்கு வந்து நில்லுங்கள். கண்ணாடி, காது மெஷின், பல்செட் மூன்றையும் மறக்காமல் வீட்டிலிருந்து எடுத்து வாருங்கள். கண்ணும் காதும் தெளிவாக இல்லாவிட்டால் புது இடம் இன்னும் மிரட்டும்.

சிலர் விநோதமாகப் பேசுவார்கள். 'சுவர்ல பூச்சி ஊருது', 'அந்த நர்ஸ் என்னைக் கட்டிப்போட்டாங்க', 'என்னைக் கப்பல்ல கூட்டிட்டுப் போனாங்க.' பைத்தியம் பிடித்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். இதற்கு டெலீரியம் என்று பெயர். தீவிர நோய், மருந்து, தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து மூளையைக் கொஞ்ச நாள் குழப்பும். ஐ.சி.யூ-வில் இது சகஜம். சிரிக்காதீர்கள், வாக்குவாதமும் வேண்டாம். ''இது ஆஸ்பத்திரி தாத்தா. இன்னிக்கு வியாழக்கிழமை. நான் உங்க பேரன்'' என்று மெதுவாகச் சொல்லுங்கள். கண்டிப்பாக டாக்டரிடமும் சொல்லுங்கள்.

இன்னொன்று, 'வார்டுக்குத்தான் வந்தாச்சே, எழுந்து நடங்க' என்று விரட்டாதீர்கள். தீவிர நோயாளிகளின் தொடைத் தசையை அளந்து பார்த்த ஓர் ஆய்வில், முதல் 10 நாளில் ஏறத்தாழ 18 சதவிகிதம் கரைந்திருந்தது. 2013-ல் வெளியான கணக்கு இது. ஸ்பூனைப் பிடிக்கும்போது கை நடுங்கினால் அது சோம்பேறித்தனம் இல்லை. பிசியோதெரபிஸ்ட் சொல்லும் அளவுக்கு, சொல்லும் வேகத்தில் நடந்தால் போதும்.

கூட்டத்தைக் கலைங்க!

ஐ.சி.யூ-வில் ஒரு நாளைக்கு இரண்டு முகம்தான் பார்த்தார். வார்டுக்கு வந்த சேதி கேட்டதும் வேன் வைத்துக்கொண்டு வந்து இறங்குவார்கள் சொந்தக்காரர்கள். சாத்துக்குடி, ஹார்லிக்ஸ் பாட்டிலோடு, ''எங்க ஓரகத்தி வீட்டுக்காரருக்கும் இதே மாதிரிதான்... வார்டுக்கு வந்த மூணாம் நாளு...'' என்று கதையும் வரும். அந்தக் கதையை வாசலிலேயே மடக்குவது உங்கள் பொறுப்பு. ஒரு நேரத்தில் ஒருவர், ஐந்து நிமிஷம், கை கழுவிவிட்டு. பெரியவர்களிடம் நீங்கள் சொல்ல முடியாவிட்டால், சிஸ்டரை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் சொன்னால் ஊரே கேட்கும்!

டாக்டர் சரி என்று சொல்லும் வரை ஆசையாக ஒரு வாய் ஜூஸ்கூடக் கொடுக்க விடாதீர்கள். தொண்டையில் டியூப் இருந்தவர்களுக்கு விழுங்குவது தடுமாறும். புரையேறி நுரையீரலுக்குள் போனால் ஆபத்து.

எப்போ நிஜமாகவே பயப்படணும்?

எல்லாவற்றையும் 'பயம்தான்' என்று ஒதுக்கிவிடவும் கூடாது. இதில்தான் உஷார் தேவை. வேகவேகமாக மூச்சு வாங்குவது, ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் திணறுவது, உதடு நீலமாவது, நெஞ்சு வலி, ஜில்லென்று வியர்ப்பது, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், சிறுநீர் மிகவும் குறைவது, ரத்தக் கசிவு, திடீர்க் குழப்பம், எழுப்ப முடியாத தூக்கம். இதில் எது வந்தாலும் உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள். 'தொந்தரவு பண்றோமோ' என்ற கூச்சமே வேண்டாம். டிரிப்ஸையும் ஆக்ஸிஜனையும் நீங்களாகத் திருகாதீர்கள்.

'நேத்து இருந்த மாதிரி இவர் இல்லையே' என்று உங்களுக்குத் தோன்றினால், அதையும் அப்படியே சொல்லுங்கள். இன்றைக்கு ட்யூட்டிக்கு வந்த டாக்டருக்கு நேற்றைய தாத்தாவைத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

ஒரு ரூல்டு நோட்டு போதும்

ஐ.சி.யூ. நாட்கள் பலருக்கு ஞாபகத்திலேயே இருக்காது. இருப்பதும் பாதி கெட்ட கனவு. ஸ்காண்டிநேவிய நாடுகளில் இதற்கு ஒரு பழக்கம் உண்டு. 'இன்று கண் விழித்தீர்கள், மகள் வந்தாள், மழை பெய்தது' என்று நர்ஸும் குடும்பமும் தினமும் நாலு வரி எழுதி வைப்பார்கள். தேறிய பிறகு நோயாளி அதைப் படித்து, தொலைந்த நாட்களை மீட்டுக்கொள்வார். ஐரோப்பாவில் 352 பேரிடம் நடந்த ஆய்வு 2010-ல் வெளியானது. டைரி கிடைத்தவர்களில் 5 சதவிகிதம் பேருக்கும், கிடைக்காதவர்களில் 13 சதவிகிதம் பேருக்கும் 'பி.டி.எஸ்.டி.' என்ற அதிர்ச்சிப் பாதிப்பு வந்தது. பிரான்ஸில் 35 ஐ.சி.யூ-க்களில் நடந்து 2019-ல் வந்த ஆய்வில் இந்த வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். எனவே இது மருந்து இல்லை. ஆனாலும், 'எனக்கு என்னடா ஆச்சு?' என்று அவர் கேட்கும் நாளில் கையில் கொடுக்க ஏதாவது இருக்குமே! ஆனால், ஒயரும் டியூபுமாகப் படுத்திருக்கும் போட்டோவை எடுத்து ஸ்டேட்டஸ் போடுகிற வேலை மட்டும் வேண்டாம்.

வீட்டுக்குப் போன பிறகும் மாதக்கணக்கில் தூக்கமின்மை, பயம், மறதி தொடரலாம். அப்போது 'எல்லாம் சரியாப்போச்சே' என்று மூடி வைக்காமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். நோயாளியைப் பார்த்துக்கொண்ட குடும்பத்துக்கும் இதே பாதிப்பு வரும் என்பது மருத்துவம் ஒப்புக்கொண்ட விஷயம். அதனால், தொடர்ந்து மூன்று நைட் கண் விழித்து ஹீரோ ஆக வேண்டாம். கஸினோடு ஷிஃப்ட் போட்டுக்கொள்ளுங்கள். கோபன்ஹேகன் மாணவர்களும் அப்படித்தான் செய்தார்கள்!

அட்டெண்டன்ஸ் குறைந்தால் காண்டனேஷன் கட்டிக்கொள்ளலாம். நோட்ஸை ஃப்ரெண்டிடம் வாங்கிக்கொள்ளலாம். வார்டில் அந்த முதல் நைட், அந்த நாற்காலியில் நீங்கள் இல்லாமல் போனால் மட்டும் அதற்கு எந்த காலேஜிலும் காண்டனேஷன் கிடையாது.